சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மலையேறாதீர்கள்

கம்பம், கூடலூர் பக்கமிருந்து கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்புகள் அதிகாலையிலேயே கிளம்பிவிடும். கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடோ நெடுங்கண்டமோ போய்ச் சேர்ந்த பிறகுதான் தூக்குவாளியைத் திறக்க நேரம் கிடைக்கும். சுகர் இருப்பவர்களோ, அப்புறம் மறந்துவிடும் என்று வீட்டிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு ஜீப் ஏறுகிறார்கள். அக்கறைதான். ஆனால் முதலில் விட வேண்டிய பழக்கமும் இதுதான்.

நாம் சாப்பிட்டதும் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. ரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் போவதும், மீதி கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற இருப்பாகச் சேர்வதும் அதனால்தான். வயிறு காலியாகக் கிடக்கும்போது அதே கணையத்தின் ஆல்பா செல்கள் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது தூண்ட, கல்லீரல் தன் இருப்பைக் கரைத்து, போதாவிட்டால் புதிதாகவும் சர்க்கரை செய்து, ரத்தத்தில் விடும். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் தூங்கியும் மூளை பட்டினி கிடக்காததற்கு இதுவே காரணம்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அந்த இன்சுலின் கல்லீரலின் கையைக் கட்டிப்போடும். சரிவில் ஏறி இறங்கி வேலை செய்யும் தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அளவு 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். மெட்டுக் குளிரில் ஒருவருக்குச் சட்டை நனைய வியர்த்தால், வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதனால் உங்கள் மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டி, ஜீப் கிளம்பும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் சொல்லி, எப்போது போடுவது என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, சுகர் இறங்கிவிட்டது. அப்போது சீனி போடாத கட்டன்சாயாவும் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டும் கொடுப்பது அடுத்த தவறு. மூன்று நான்கு டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது குளுக்கோஸ் கொடுங்கள். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுத்து, தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

"ராத்திரி சாப்பிடவே இல்லையே, காலையில் எப்படி 180?" என்று பலர் தவிக்கிறார்கள். அந்தச் சர்க்கரை தட்டிலிருந்து வந்ததில்லை, கல்லீரலிலிருந்து வந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் குளுக்ககான் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை, இன்சுலின் சொல்வதைக் கல்லீரலும் சரியாகக் கேட்பதில்லை. ஆகவே ராத்திரிச் சாப்பாட்டை வெட்டுவது இதற்கு மருந்தாகாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது தூக்கத்திலேயே சுகரை இறக்கிவிடவும் கூடும்.

கப்பைக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், இனிப்பில்லை என்று சோற்றுக்கு மேல் அதையும் சாப்பிடுவது எல்லையின் இரண்டு பக்கமும் உண்டு. அதன் மாவும் குளுக்கோஸாகத்தான் மாறும். இரண்டில் ஒன்று போதும்.

வெறும் வயிற்றில் சாராயம் வேண்டவே வேண்டாம். கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதை அது தடுத்துவிடும். தள்ளாடுகிறவரை எல்லோரும் போதை என்றே நினைப்பார்கள், சுகர் இறங்கியது தெரியாமலே போகும்.

காய்ச்சலில் சாப்பிட முடியவில்லை என்று முதல் வகைச் சர்க்கரை நோய்க்காரர்கள், அதாவது உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காதவர்கள், இன்சுலினை மொத்தமாக நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலின்போது சுரக்கும் ஹார்மோன்கள் சாப்பிடாமலேயே சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும், அதில் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் பெருகி ரத்தம் அமிலமாகும். எத்தனை யூனிட் என்று டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள். வாந்தியும் மேல்மூச்சும் வந்துவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள்.