ஐந்து நாள் இருக்கிறது என்பதற்காக எஞ்சினை ஐந்து நாள் ஓடவிடாதீர்கள்

ஒரு நகர்வுக்கு நாள்கணக்கில் யோசித்து ஆடும் கடித வழி செஸ்ஸில் இறங்குமுன் விதியைப் படித்துவிடுங்கள். ஐசிசிஎஃப் எனப்படும் சர்வதேசக் கூட்டமைப்பின் போட்டிகளில் எஞ்சின் (நகர்வுகளைக் கணக்கிடும் செஸ் மென்பொருள்) உதவிக்கு அனுமதி உண்டு. லிசெஸ் தளத்தில் நாள்கணக்கில் ஆடும் ஆட்டங்களில் ஓப்பனிங் புத்தகம் பார்க்கலாம், எஞ்சினைத் தொடக்கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முடங்கும்.

சரி, அனுமதி இருக்கிறது. 10 நகர்வுக்கு 50 நாள் என்பது ஐசிசிஎஃப்-இல் வெகுகாலமாகப் பழகிய கணக்கு, அதாவது சராசரியாக நகர்வுக்கு ஐந்து நாள். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். எஞ்சினை ஒரே நிலையில் ராத்திரி முழுக்க ஓடவிடுகிறார்கள். காலையில் டெப்த் (எத்தனை படி ஆழம் தேடியது என்ற எண்) 50, மதிப்பு +0.70, அதாவது உங்களுக்குச் சற்றே சாதகம். திருப்தி. ஆனால் அதே வரிசையில் ஆறு நகர்வு முன்னே போய்ப் பத்து நிமிடம் ஓடவிட்டால் மதிப்பு 0.00-க்கு, அதாவது சமநிலைக்கு, இறங்கிவிடலாம். டெப்த் 50 என்றால் எல்லாக் கிளைகளையும் 50 வரை பார்த்தது என்று அர்த்தமில்லை. தேறாது என்று தோன்றும் கிளைகளை எஞ்சின் பாதியிலேயே வெட்டிவிடுகிறது. அதனால் நீங்களே முன்னே நடந்து போங்கள். எதிராளியின் இரண்டாவது, மூன்றாவது பதில்களையும் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு படியாகப் பின்னே வாருங்கள். ஹாஷை (எஞ்சின் கண்டதைச் சேமித்து வைக்கும் நினைவகம்) அழிக்காமல் இருந்தால், கண்டுபிடித்தது மேலே ஏறி வரும்.

அந்த ஹாஷ் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் இயல்பாக வெறும் 16 எம்பி, த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கீட்டு இழை) ஒன்றே ஒன்று. மாற்றாமல் நாள்கணக்கில் ஓட்டுவது வீண். அதற்காக இருக்கிற ராம் முழுவதையும் ஹாஷுக்கே கொடுத்துவிட்டால் கணினி நினைவகம் போதாமல் வட்டை (டிஸ்க்) நாட ஆரம்பிக்கும், வேகம் படுத்துவிடும். லீலா என்ற இன்னொரு எஞ்சினின் டெப்த்தை ஸ்டாக்ஃபிஷின் டெப்த்தோடு ஒப்பிடவும் வேண்டாம். இரண்டும் தேடும் விதமே வேறு.

மதிப்பெண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. ஸ்டாக்ஃபிஷ் 15.1-இலிருந்து +1.00 என்றால், தன்னோடு தானே ஆடும் ஆட்டங்களில் வெல்ல ஏறத்தாழ பாதி வாய்ப்பு என்று பொருள். கடித வழி ஆட்டத்தில் எதிராளியிடமும் எஞ்சின் இருக்கிறது, யோசிக்க நாளும் இருக்கிறது. டிரா மிக அதிகம். பதினைந்து இருபது நகர்வு தள்ளிப் போயும் +1.4 அசையாமல் நிற்கிறதென்றால், குறிப்பாக ஆளுக்கு ஒன்றாக எதிரெதிர் நிறக் கட்டங்களில் ஓடும் பிஷப்புகள் இருந்தால், அது உடைக்க முடியாத தற்காப்பு நிலையாக (ஃபோர்ட்ரஸ்) இருக்கலாம். அந்த வழியில் காய்களை வெட்டிக்கொள்ளும் முன் யோசியுங்கள்.

காய்கள் குறைந்தால் சிஸிஜி டேபிள்பேஸ் (அந்த நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த தரவுத்தொகுப்பு) பதில் சொல்லும். ஆறு காய் வரைக்கும் சுமார் 150 ஜிபி போதும், எஸ்எஸ்டியில் வையுங்கள். ஏழு காய்க்கு சுமார் 18 டிபி. அதை இணையத்தில் பார்த்துக்கொள்வதே எளிது.

கடைசியாக, சின்ன விஷயம், ஆனால் ஆட்டமே போய்விடும். இரண்டு யானையும் டி1 கட்டத்துக்கு வர முடியும் என்றால், எஞ்சின் சொன்னது ஏ1 யானையா, எஃப்1 யானையா? அனுப்புமுன் பாருங்கள். அனுப்பிய நகர்வைத் திரும்பப் பெற முடியாது.