காரின் காற்று சென்சார்: மாற்றுவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை

பிக்கப் குறைந்து, மைலேஜ் இறங்கி, செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால் பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் வரும் பதில், "சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்." அப்படியே தலையாட்டிவிட வேண்டாம். நான் பார்த்த வரையில் இந்த சென்சார்கள் ஒரேயடியாகப் பழுதாவது குறைவு. அழுக்கேறுவதும், பக்கத்து ரப்பர் குழாய் விரிசல் விடுவதும்தான் அதிகம். இரண்டையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று. உள்ளே எவ்வளவு காற்று வருகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு எரிபொருள் தெளிப்பது என்று இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, முடிவு செய்ய முடியும். அதற்குத்தான் இந்த சென்சார்கள்.

எம்ஏஎஃப்: ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் குழாயில் செருகியிருக்கும். உள்ளே முடி போன்ற மெல்லிய கம்பி, அல்லது சிறிய தகடு. அதை இசியு எப்போதும் சூடாகவே வைத்திருக்கும். காற்று பட்டால் சூடு குறையும். மறுபடி சூடாக்க எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அதை வைத்துக் காற்றின் எடை கணக்காகிறது. அந்தக் கம்பியில் தூசி படிந்தால் காற்று சரியாகப் படாது, கணக்கும் தப்பும்.

மேப்: இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) இருக்கும் அழுத்தத்தை அளக்கும். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் எம்ஏஎஃப் இருக்காது, இது மட்டும்தான். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உள்ள டீசல்களில் பெரும்பாலும் இரண்டும் உண்டு.

ஐஏடி: உள்ளே வரும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும். பெரும்பாலும் மேற்சொன்ன ஒன்றுக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. புகையைப் பாருங்கள்

டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது, செலவும் இல்லை. கரும்புகை வராமல் தடுக்க, அளந்த காற்றுக்கு ஏற்ற டீசலுக்கு மேல் இசியு விடாது. எம்ஏஎஃப் அழுக்காகி, காற்றைக் குறைத்துக் காட்டினால் டீசலும் குறையும். வண்டி இழுக்காது, ஆனால் புகையும் வராது. அதுவே டர்போவுக்குப் பிறகு உள்ள ஓஸ் (காற்றுக் குழாய்) கிழிந்திருந்தால் கதை வேறு. எம்ஏஎஃப் அளந்த காற்று வழியிலேயே வெளியே போய்விடும்; டீசல் மட்டும் முழு அளவில் இறங்கும். இழுவையும் இருக்காது, பின்னால் கரும்புகையும் கிளம்பும். கரும்புகைக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், முதலில் ஓஸைப் பாருங்கள். சென்சாரைக் கழற்றிப் பயனில்லை.

2. காற்றுப் பாதையைத் தடவிப் பாருங்கள்

இன்ஜின் ஆறியதும் பானட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியிலிருந்து மேனிஃபோல்டு வரை கையை ஓட்டுங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் குழாயை லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் மடிப்புக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, சென்சார் கப்ளரில் (ஒயர் செருகும் பிளக்) பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபில்டர் பெட்டி மூடி ஒரு மூலையில் சரியாக உட்காமல் இருந்தால் போதும், அத்தனை தூசியும் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேராக எம்ஏஎஃப் மேல் வந்து படியும்.

3. ஸ்கேனரில் எண்களைப் படியுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் சின்ன புளூடூத் கருவியைச் செருகி, போனில் ஆப் போட்டால் போதும்.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேப் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். ஊட்டியில் 77-க்குப் பக்கத்தில். பெட்ரோல் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அது 30, 40 என்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சென்சாரின் துளை கரியால் அடைத்திருக்கலாம், அல்லது எங்கோ காற்று கசிகிறது.

எம்ஏஎஃப் உள்ள பெட்ரோல் வண்டியில், இன்ஜின் சூடான பிறகு ஏசியை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் பாருங்கள். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு நொடிக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை காட்டினால் நல்லது. ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கும்போது எண் குதிக்காமல் சீராக ஏற வேண்டும்.

ஐஏடி, மதுரை வெயிலில் −40 டிகிரி என்று காட்டுகிறதா? சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் கப்ளரையும் ஒயரையும் பாருங்கள். இணைப்பு அறுந்தால் வரும் எண் அது.

பி0101, பி0102 என்று ஸ்கேனரில் பழுதுக் குறியீடு வந்தால் எம்ஏஎஃப் பக்கம் ஏதோ சிக்கல் என்று மட்டும்தான் அர்த்தம். மாற்றச் சொல்லும் உத்தரவு அல்ல.

4. எம்ஏஎஃப்பைச் சுத்தம் செய்யுங்கள்

வாரண்டி இருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். இல்லையென்றால் இன்ஜினை ஆறவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் சென்சார் நேராக வெளியே வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நல்ல கம்பி பளிச்சென்று தெரியும், அழுக்கேறியது சாம்பல் பஞ்சு சுற்றியது போலிருக்கும்.

எம்ஏஎஃப் கிளீனர் என்றே விற்கும் ஸ்ப்ரேயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டுப் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். பிரேக் கிளீனர், கார்ப் கிளீனர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கெடுத்துவிடும். பட்ஸ், பிரஷ், கம்ப்ரசர் காற்று இவையும் கூடாது. கம்பி அறுந்தால் அப்போதுதான் நிஜமாகவே புதுசு வாங்க வேண்டிவரும். துடைக்காமல் அரை மணி நேரம் காயவிட்டு, ரப்பர் ரிங் நழுவாமல் பார்த்துப் பொருத்துங்கள். காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி அதன் மேலேயே இருக்கும்.

பிறகு ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். முதலில் ஐடில் சற்று ஏறி இறங்கலாம். இசியு தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது, பயப்பட வேண்டாம்.

5. மறுபடி அழுக்காகாமல் இருக்க

குவாரி சாலை, செம்மண் பாதை, கட்டட வேலை நடக்கும் தெரு என்று ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஊதி ஊதிப் பயன்படுத்துவதைவிடப் புதுப் பேப்பர் ஃபில்டர் போடுவதே மேல். காற்று வேகத்தில் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். மாற்றும்போது பெட்டியின் அடியில் கிடக்கும் இலை, மண்ணை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரைப் போட்டால் எண்ணெயை அளவாகத் தடவ வேண்டும், அதிகமானால் கம்பியில்தான் போய் ஒட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் எண் தேறவில்லை என்றால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும். பழையதன் மேல் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்; பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒரு மாடலின் அளவீடு இன்னொன்றுக்குப் பொருந்தாது.