பள்ளிக் கட்டடங்களில் பூஞ்சையைக் கண்டறியும் முறை

பள்ளிக் கட்டடத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பவர் முதலில் தேட வேண்டியது நீரின் வழியைத்தான். பூஞ்சை வித்துகள் எல்லா இடத்துக் காற்றிலும் மிதக்கின்றன. அவற்றை அடியோடு விலக்க இயலாது. ஆனால் ஈரம் கிடைக்காமல் அவை வளர்வதில்லை. நனைந்த பலகையோ காகிதமோ 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராவிட்டால் அதில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

எனவே சோதனையைக் கட்டடத்தின் வெளிப்புறத்திலிருந்து தொடங்குவது நல்லது. மழைநீர்க் குழாய் உடைந்து சுவரில் வழிகிறதா, மாடியில் நீர் தேங்குகிறதா, தரையின் சரிவு நீரைச் சுவரை நோக்கித் திருப்புகிறதா என்பதைக் குறித்துக்கொண்டு, பிறகு அதே சுவர்களின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நீண்ட விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய நாள்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. பூட்டியிருந்த அறையைத் திறந்தவுடன் எழும் முடைநாற்றத்தை அப்போதே குறித்துவிட வேண்டும். சில நிமிடங்களில் மூக்கு அதற்குப் பழகிவிடும்.

வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிகளின் பின்புறம், கைகழுவும் தொட்டிகளின் அடிப்பகுதி, தரைவிரிப்பின் அடி, குளிர்சாதனக் கருவியின் நீர்த்தட்டு, பழைய நூல்கள் அடுக்கிய அறை ஆகியவற்றைக் கைவிளக்கு கொண்டு பார்க்க வேண்டும். சிறு குழந்தைகள் அமர்ந்து படிக்கும் மூலையிலுள்ள பாய்களையும் மெத்தைகளையும் புரட்டிப் பார்ப்பவர் குறைவு. குழந்தைகளின் முகம் அவற்றுக்கு மிக அருகில் இருப்பதால் நான் அவற்றை ஒருபோதும் விடுவதில்லை. பொய்க்கூரையில் பழுப்பு வளையம் தெரிந்தால், மேலே கசிவு உண்டு என்று பொருள். அந்தப் பலகையை அசைத்தால் வித்துகள் கொட்டக்கூடும் என்பதால், மாணவர்கள் இல்லாத நேரத்தில், என்95 முகக்கவசம் அணிந்தே அதைத் தொட வேண்டும்.

சுவரில் வெண்மையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சையன்று. ஒரு சொட்டு நீர் விட்டதும் கரைந்தால் அது பெரும்பாலும் உப்பு. ஆயினும் அதுவும் சுவரில் ஓதம் இருப்பதற்கான அடையாளமே. கறுப்பாக இருப்பது மட்டுமே நஞ்சு என்ற அச்சமும் தவறானது, ஏனெனில் நிறத்தை வைத்துத் தீங்கை அளவிட முடியாது.

அறைகளைப் பார்ப்பதோடு, அங்கே நாள் முழுவதும் இருப்பவர்களையும் கேட்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வகுப்பில் இருமலும் மூச்சிரைப்பும் மிகுந்து விடுமுறையில் தணிகின்றன என்றால், குறிப்பாக ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அவ்வாறு நேர்ந்தால், அந்த அறையை மீண்டும் நுணுக்கமாக ஆராய வேண்டும்.

பூஞ்சை கண்ணுக்குத் தெரியும்போது காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் தேவையற்றது. காற்றில் இத்தனை வித்துகள் வரை பாதுகாப்பானவை என்று பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு எதுவும் இல்லாததால், அந்தப் பணத்தைக் கசிவை அடைக்கச் செலவிடுவதே பயன் தரும்.

கடினமான பரப்பில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்குள் பரவியிருந்தால், கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, முழுமையாக உலர்த்தலாம். அதற்கு மேல் பரவியிருந்தாலோ கழிவுநீர் கலந்திருந்தாலோ துறை வல்லுநர்களை அழைக்க வேண்டும். இறந்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் மருந்து தெளித்துவிட்டு அப்படியே விடுவதும், மேலே வண்ணம் பூசி மறைப்பதும் கூடாது. அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று ஈரப்பதமானி வைத்துப் பார்த்து, அறை எண், நாள், புகைப்படம் ஆகியவற்றைப் பதிவேட்டில் சேர்த்து, அடுத்த பெருமழைக்குப் பின் அதே இடங்களை மறுபடியும் சோதிக்க வேண்டும்.