வாயால் எழுதும் இங்கிலீஷ்

டீக்கடையில் போய் "எனக்கு ஒரு தேநீர் வேண்டும்" என்று யாரும் கேட்பதில்லை. "அண்ணே, ஒரு டீ", அவ்வளவுதான். ஆனால் இங்கிலீஷ் என்று வந்ததும் பாடப்புத்தக வாக்கியத்தை எழுவாய் பயனிலை ஒன்றும் குறையாமல் வாயால் எழுத ஆரம்பித்துவிடுகிறோம். முதல் தவறே அதுதான்.

"டு யூ வான்ட் சம் டீ?" என்பது இங்கிலீஷ்காரர்கள் வாயில் "வான்ட் சம் டீ?" ஆகிவிடும். இப்படிச் சொல்லை விழுங்குவதற்கு எலிப்சிஸ் என்று பெயர், பிழை இல்லை. "ஹீஸ் எ நைஸ் மேன், யுவர் பிரதர்" என்று ஆளைக் கடைசியில் ஒட்டினால் அது டெயில். "நல்ல மனுஷன், உங்க அண்ணன்" என்று நாமும் சொல்கிறோமே, இங்கிலீஷில் மட்டும் ஏனோ கூசுகிறது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் கார்ட்டரும் மைக்கேல் மெக்கார்த்தியும் 50 லட்சம் சொற்களுக்கு நிஜப் பேச்சைச் சேகரித்து, இதெல்லாம் பேச்சுக்கே உரிய இலக்கணம் என்று காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது, ம் கொட்டாமல் இருப்பது. கதை கேட்டால் ம் கொட்டுகிற ஊர் நம்முடையது, ஆனால் இங்கிலீஷ் போன் காலில் மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறோம். எனக்கே ஒரு தடவை லண்டன்காரர் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு "ஆர் யூ ஸ்டில் தேர்?" என்று கேட்டார். "ம்ஹ்ம்", "ரைட்", "ரியலி?" என்று நடுநடுவே போடுவதைத்தான் பேக்சானல் என்கிறார்கள். அதற்காக "ஓகே ஓகே ஓகே" என்று அடுக்கினால், சீக்கிரம் முடி என்று விரட்டுவது போல இருக்கும்.

எல்லாவற்றையும்விட வில்லங்கமானது மறுப்பு. சனிக்கிழமை சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால், வர முடிகிறவர் உடனே "லவ்லி, தேங்க்ஸ்" என்பார். முடியாதவர் ஒரு நொடி தயங்கி "வெல்..." என்று இழுத்து, "ஐ'ட் லவ் டு, பட்..." என்று போய், ஒரு காரணத்தோடு நிற்பார், கடைசிவரை 'நோ' வரவே வராது. அந்த "வெல்" காதில் விழுந்தபோதே விஷயம் முடிந்துவிட்டது. நாமோ அதை யோசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு மறுபடி வற்புறுத்துவோம். நம் முறை வரும்போது "நோ, ஐ கேனாட் கம்" என்று பட்டென்று சொல்லிவிட்டு, அவர் முகம் ஏன் மாறியது என்று வேறு யோசிப்போம்.

நம் "தானே", "இல்லையா" எந்த வாக்கியத்துக்கும் பொருந்தும் என்பதால் "யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?" என்கிறோம். பாடப்படி அங்கே "ஆரின்ட் யூ?" வர வேண்டும். (லண்டன் தெருவில் "இஸின்ட் இட்" தேய்ந்த "இன்னிட்" எல்லாவற்றுக்கும் ஓடுகிறது, அது வேறு கதை.) பிரிட்டனில் யாராவது "யூ ஆல்ரைட்?" என்றால் அது வணக்கம்தான், அவரிடம் முதுகுவலியைச் சொல்ல வேண்டாம், "யா, யூ?" போதும்.

கடைசியாக ஒன்று, இது காரியத்தையே கெடுக்கும். "ஐ கேன் டூ இட்" என்பதில் 'கேன்' அவர்கள் வாயில் கிட்டத்தட்ட 'க்ன்' என்று தேய்ந்துவிடும், அழுத்தம் 'டூ' மேல் விழும். நாம் ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி 'கேன்' என்றால், முக்கியமாக அமெரிக்கர் காதில், முடியாது என்கிற 'கேன்ட்' ஆக விழ வாய்ப்புண்டு, ஏனென்றால் அவர்களுடைய 'கேன்ட்'டில் கடைசி 'ட்' சரியாகக் கேட்பதே இல்லை. அதனால் வேலை விஷயத்தில் முடியாது என்றால் மட்டும் 'கேனாட்' என்றே சொல்லிவிடுங்கள், புத்தக வாடை அடித்தாலும் பரவாயில்லை.