விடுமுறைக் கொண்டாட்டங்களுக்கு நடுவே தொலையாத பிறந்தநாள்

டிசம்பர் மூன்றாம் வாரத்திற்கும் ஜனவரி முதல் வாரத்திற்கும் இடையில் பிறந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். வாழ்த்து வரும், ஆனால் பண்டிகை வாழ்த்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். பரிசும் வரும், "இரண்டுக்கும் சேர்த்துத்தான்" என்ற சொல்லோடு. கேக்கும் வெட்டப்படும், அது முந்தைய நாள் விருந்தில் மிஞ்சியதாக இருக்கும். குளிர்கால விடுமுறையில் வரும் பிறந்தநாளுக்கு உணவோ கொண்டாட்டமோ குறைவதில்லை. எல்லாம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருப்பதால்தான் அந்த நாள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே, இந்தப் பிறந்தநாளைத் திட்டமிடுபவர் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதைவிட, பண்டிகையிலிருந்து எதைப் பிரித்து வைக்கலாம் என்று யோசிப்பதே பயன் தரும்.

முதலில் தேதியை முடிவு செய்ய வேண்டும். பிறந்த தேதியிலேயே கொண்டாட வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பலரால் விட முடிவதில்லை. ஆனால் தேதி என்பது நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானது அன்று. ஐசக் நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்று அன்றைய இங்கிலாந்தின் ஜூலியன் நாட்காட்டி சொல்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டியின்படி அதே நாள் 1643 ஜனவரி 4. இதைவிட வேடிக்கையான செயல் ஒன்றை ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1891இல் செய்தார். தாம் குடியிருந்த பசிபிக் தீவான சமோவாவுக்கு வந்திருந்த அமெரிக்க நில ஆணையரின் மகள் ஆனி ஐடு கிறிஸ்துமஸ் அன்று பிறந்து, தனிப் பிறந்தநாளே இல்லாமல் வருந்துகிறாள் என்று கேள்விப்பட்டு, தம்முடைய நவம்பர் 13ஆம் தேதியை அச்சிறுமிக்கு முறைப்படி பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். நமக்கு அவ்வளவு தாராளமான நண்பர் அமையாவிட்டாலும், தேதியை நாமே நகர்த்திக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. டிசம்பர் முதல் இரண்டு வாரங்கள் நல்லவை. ஜனவரி இரண்டாம் வாரம் அதைவிட நல்லது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கொண்டாட்டங்கள் முடிந்து, நாட்கள் வெறிச்சோடி, வெளியே குளிர் மட்டும் மிச்சமிருக்கும் அந்த வாரத்தில் ஓர் அழைப்பு வந்தால் அதை மறுப்பவர் அரிது. பிறந்த தேதியிலேயே வைக்க வேண்டும் என்று விரும்புபவர் ஆறு வாரங்களுக்கு முன்பே அழைத்துவிட வேண்டும். டிசம்பர் தொடங்கிய பிறகு அழைத்தால், பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள், மீதிப் பேருக்கு அன்று வேறு விருந்து இருக்கும். பிறந்தநாள் குழந்தையுடையது என்றால், பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும், ஏனெனில் விடுமுறை தொடங்கியதும் வகுப்புத் தோழர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விடுவார்கள். அழைப்பிதழில் இது பிறந்தநாள் விருந்து என்று தெளிவாக எழுத வேண்டும். வெறுமனே "வீட்டுக்கு வாருங்கள்" என்று எழுதினால், அதையும் இன்னொரு பண்டிகைக் கூட்டம் என்று எண்ணிக்கொண்டுதான் வருவார்கள்.

நேரத்தைப் பகலில் வைப்பது நல்லது. வடகோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22 ஆண்டின் மிகக் குறுகிய பகல். பனி விழும் இடங்களில் இருட்டிய பிறகு வழியில் உறையும் ஈரத்தின் மேல் வண்டி ஓட்டுவது ஆபத்து. நண்பகலில் தொடங்கி மாலையில் முடியும் விருந்தில் முதியவர்களும் குழந்தைகளும் நிம்மதியாகக் கலந்துகொள்வார்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒரே மேசையைச் சுற்றி ஒரே பேச்சு நடக்க வேண்டுமானால் ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிரிந்து, பிறந்தநாள்காரர் ஏதேனும் ஒரு பக்கத்தில் சிக்கிக்கொள்வார்.

இனி உணவு. இந்தப் பருவத்தில் வரும் விருந்தினர் ஏற்கெனவே பல நாட்களாக வெண்ணெயும் சர்க்கரையும் வறுத்த இறைச்சியும் உண்டு களைத்திருப்பார்கள் என்பதை நினைவில் வைத்தால், எதைச் சமைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சூடானது, புளிப்பும் காரமும் உடையது, கிண்ணத்தில் ஊற்றிக் கையில் ஏந்தி உண்ணக்கூடியது என்ற மூன்று குணங்களும் கொண்ட ஒரே ஒரு பெரிய பாத்திர உணவு, பத்து வகைப் பலகாரங்களை விட அன்று நன்றாக எடுபடும். பயறும் தக்காளியும் காய்கறிகளும் சேர்ந்த கெட்டியான குழம்பு இதற்கு மிகப் பொருத்தமானது. அதுவே முக்கிய உணவு என்றால் ஆளுக்கு 400 மில்லி லிட்டர் என்று கணக்கிட்டு, மொத்தத்தில் இரண்டு ஆள் அளவைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். உடன் ரொட்டியோ சோறோ ஒன்று, எலுமிச்சை பிழிந்த பச்சைக் காய்கறிக் கலவை ஒன்று, அவ்வளவுதான்.

இவ்வகைக் குழம்பை முந்தைய நாளே சமைப்பதில் இரட்டை ஆதாயம் உண்டு. மசாலாவின் சுவை இரவு முழுவதும் ஊறிப் பரவும். விருந்து நாளில் சமைப்பவரும் அடுப்படியில் அடைபடாமல் விருந்தினரோடு அமர முடியும். ஆனால் சில இடங்களில் கவனம் தேவை. சிவப்பு ராஜ்மாவைப் பயன்படுத்தினால், அதை எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மெதுவான சூட்டுக்கு மாற்ற வேண்டும். அதில் இயற்கையாக உள்ள நச்சுப் புரதம் அந்தக் கொதிப்பில்தான் அழியும், மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தின் மிதமான சூட்டில் அழியாது. சமைத்து முடித்ததும் பெரிய பாத்திரத்தோடு அப்படியே விடாமல், அகலமான ஆழமற்ற பாத்திரங்களுக்கு மாற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் விரைந்து பெருகும். குளிர்காலம்தானே, வெளித் திண்ணையில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பகல் வெயிலில் அங்கே சூடு எவ்வளவு ஏறும் என்பது யாருக்கும் தெரியாது, பூனைக்கும் அந்த இடம் தெரியும். மறுநாள் சூடாக்கும்போது ஓரம் மட்டும் கொதித்தால் போதாது. நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொடும்வரை கிளறிக் கொதிக்கவிட வேண்டும்.

சூடான உணவைச் சில்லிட்ட தட்டில் பரிமாறினால் இரண்டே நிமிடத்தில் அது ஆறிப்போகும். கிண்ணங்களையும் தட்டுகளையும் வெந்நீரில் முக்கித் துடைத்தோ, அவை சூட்டைத் தாங்குமானால் ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் பத்து நிமிடம் வைத்தோ எடுத்துப் பரிமாறுங்கள். குளிர்கால விருந்தில் இந்தச் சிறு வேலை செய்யும் வித்தியாசத்தை விலை உயர்ந்த எந்தப் பண்டமும் செய்யாது.

நண்பர்கள் "என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டால், "எதுவானாலும் சரி" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தப் பதிலுக்குப் பரிசாக வீட்டுக்கு வருவது, பண்டிகையில் மிஞ்சிய நான்கு டப்பா இனிப்புகள்தான். ஒருவருக்கு ரொட்டி, ஒருவருக்குப் பழம், ஒருவருக்குப் பானம் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்தால் அவர்களுக்கும் எளிது. எந்த உணவு யாருக்கு ஒவ்வாது என்பதையும் அதே உரையாடலில் கேட்டுவிடலாம்.

பானத்திற்கு, ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றில் ஒரு பட்டைத் துண்டும் நான்கு கிராம்பும் ஆரஞ்சுத் தோல் சீவலும் இட்டு, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் இருபது நிமிடம் வைத்து வடிகட்டினால் வீடே மணக்கும். திராட்சை மதுவை இப்படிச் சூடாக்குபவர்களும் கொதிக்கவிடக் கூடாது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், நெடுநேரம் கொதித்தால் மசாலாவும் கசக்கும்.

கேக் கட்டாயம் தனியாகச் செய்யப்பட வேண்டும். பண்டிகைக் கேக்கின் மேல் மெழுகுவத்தி குத்துவதைத்தான் குளிர்காலத்தில் பிறந்தவர்கள் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. உலர்பழமும் மசாலாவும் இல்லாத, பார்த்த மாத்திரத்தில் இது வேறு என்று தெரிகிற கேக்காக அது இருக்கட்டும். வெண்ணெய் கேக் குளிரில் இறுகிவிடும், ஏனெனில் அதன் கொழுப்பு உறைகிறது. எண்ணெய் சேர்த்த கேக் மென்மையாகவே இருக்கும். மூன்று முட்டையையும் 180 கிராம் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, 120 மில்லி வாசனையற்ற எண்ணெய், 100 மில்லி ஆரஞ்சுச் சாறு, இரண்டு ஆரஞ்சின் துருவிய தோல் ஆகியவற்றைக் கலந்து, 200 கிராம் மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துச் சேர்த்து, கட்டி கரையும் அளவுக்கு மட்டும் கிளற வேண்டும். 20 சென்டிமீட்டர் வட்டக் கேக் பாத்திரத்தில் ஊற்றி 175 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் வேகவிட்டு, நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வருகிறதா என்று பாருங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டை சரியாக நுரைக்காது. அதை ஓடோடு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் சரியாகிவிடும்.

கேக்கைக் கடைசிவரை தள்ளி வைக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் ஒரு விருந்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுபவர்கள் எப்போதும் இருவராவது இருப்பார்கள். எல்லோரும் இருக்கிற நேரத்தில், உணவுக்கு முன்பே கூட, கேக்கை வெட்டிவிடலாம்.

வீட்டில் ஏற்கெனவே தொங்கும் பண்டிகை அலங்காரத்தை முழுவதும் கழற்றத் தேவையில்லை. உணவு மேசையிலிருந்து மட்டும் அகற்றி, சிவப்பும் பச்சையும் அல்லாத ஒரு துணியை விரித்தால் போதும். விளக்குச் சரங்கள் எந்தக் கொண்டாட்டத்திற்கும் பொது. பரிசைச் சுற்றும் தாளுக்கும் இதே விதி பொருந்தும். கதவும் சன்னலும் அடைத்திருக்கும் என்பதால், வெளியே குளிர்கிறது என்று கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம். அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, அடைபட்ட அறையில் அது உயிரைப் பறிக்கும்.

விருந்தினர் கிளம்பும்போது எஞ்சிய குழம்பை அளவோடு டப்பாக்களில் கொடுத்தனுப்பலாம், அது நெடுநேரம் மேசையில் ஆறிக் கிடந்ததாக இல்லாவிட்டால். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பேசும் அந்தப் பத்து நிமிடத்தில் அடுத்த ஆண்டுக்கான தேதியையும் கேட்டுக் குறித்துவிடுங்கள்.