புலாவ் ஊபினில் கூடாரம் போடுவது எப்படி? (பறக்காமல், நனையாமல்)

சிங்கப்பூரில் காடும் கடலும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் புலாவ் ஊபின் தீவுதான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் கடல் இருக்கிறது, ஆனால் பக்கத்துக் கூடாரத்து ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும். டார்ச், மாற்றுத் துணி, கொசு மருந்து எல்லாம் எடுத்துவைக்க உங்களுக்கே தெரியும். கூடாரத்தை எங்கே போடுவது, எப்படிக் கட்டுவது என்பதுதான் இந்தப் பதிவு.

போய்ச் சேர்வது

சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து பம்போட் என்னும் சிறு மோட்டார் படகு. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். அவசரமென்றால் குறையும் ஆட்களுக்கும் சேர்த்து நீங்களே காசு கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

தீவில் பலரும் தங்கும் இடங்கள் இரண்டு. ஜெலுத்தோங், படகுத்துறையிலிருந்து சும்மா நடந்துபோகும் தூரம். மாமாம், தீவின் வடகரையில் ஜொகூரைப் பார்த்தபடி இருக்கிறது. மூட்டையோடு நடந்தால் வியர்த்துக் கொட்டிவிடும், வேனோ வாடகைச் சைக்கிளோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜெலுத்தோங்தான். மழை பிடித்துக்கொண்டால் கடைத்தெரு பக்கத்திலேயே இருக்கிறது.

அனுமதி, பதிவு விவரங்களைக் கிளம்பும் வாரத்தில் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம்.

இடம் பார்ப்பது

முதலில் கரையைப் பாருங்கள். காய்ந்த கடற்பாசி, குச்சி, பிளாஸ்டிக் மூடி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசியாகக் கடல் ஏறி வந்த எல்லை அது. இங்கே நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மேலே வரும். ஓத அட்டவணையில் (கடல் ஏறி இறங்கும் நேரமும் உயரமும் போட்டிருக்கும்) அன்றைய இரவு உயரம் 3 மீட்டரை நெருங்கினால் அந்தக் கோட்டை நம்பாமல் நன்றாக மேலே ஏறிவிடுங்கள்.

அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். பட்ட கிளை, தென்னை, டுரியான் மூன்றும் ஆகாது. ஊபினில் பழைய டுரியான் மரங்கள் நிறைய. ஜூன், ஜூலை வாக்கில் நள்ளிரவில் பழம் ‘தொம்’மென்று விழும். கூடாரத் துணி அதைத் தாங்காது.

காற்று எங்கிருந்து வரும்?

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்று சொல்லப்படும் புயல்காற்று வரும். இரவில் சுமத்ரா தீவிலோ மலாக்கா நீரிணையிலோ உருவாகி, விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து சிங்கப்பூரைக் கடக்கும். வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். இரவு பத்து மணிக்கு இலைகூட அசையாமல் இருக்கும், நாலரைக்குக் கூடாரம் உங்கள் முகத்தில் படுத்திருக்கும். அதனால் அந்த மாதங்களில் வாசல் மேற்கைப் பார்க்கக் கூடாது. கூடாரத்தின் குறுகிய, தாழ்ந்த பக்கத்தைத்தான் மேற்குக்குக் காட்ட வேண்டும். கடல் தெரிகிற மாதிரி வாசல் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், மாமாம் கரை நேராக வாங்கும்.

முளை அடிப்பது

பலரும் தடுமாறுவது இங்கேதான், நானும் விதிவிலக்கல்ல. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் இந்தத் தீவுக்கு லாயக்கில்லை. ஊபின் கருங்கல் தீவு. மேட்டில் அடித்தால் சரளையில் முட்டி வளையும், மணலில் குத்தினால் விரலால் இழுத்தாலே வந்துவிடும்.

மேட்டு நிலத்துக்கு ‘ட’ வடிவத்தில் மடிந்த தடித்த அலுமினிய முளை வாங்குங்கள். செங்குத்தாக அடிக்காமல், தலை கூடாரத்தை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள்.

மணலில் முளையே வேண்டாம், புதைத்துவிடலாம். செய்முறை இது:

1. கெட்டியான துணிப்பையில் ஈர மணலை நிரப்பி, வாயை இழுப்புக் கயிற்றின் (கூடாரத்தை முளையோடு இழுத்துக் கட்டும் கயிறு) நுனியால் இறுக்கிக் கட்டுங்கள். பை இல்லையென்றால் முழங்கை நீளக் கட்டை ஒன்றின் நடுவில் கயிற்றைக் கட்டினாலும் சரி.
2. முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். கட்டையென்றால் அது கயிற்றுக்குக் குறுக்காகப் படுக்கும்படி குழி இருக்க வேண்டும்.
3. குழியிலிருந்து கூடாரத்தை நோக்கி, கயிறு மேலே ஏறிவர ஒரு சாய்வான வாய்க்கால் கீறுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாய்க்கால் இல்லாவிட்டால் கயிறு செங்குத்தாக எழும்பி, இழுக்க இழுக்கப் பையை மேலே தூக்கிவிடும். சாய்வாக வந்தால் இழுப்பு முழுவதும் முன்னால் இருக்கும் மணல்மேல் விழும்.
4. மண்ணைத் தள்ளி, மிதித்து இறுக்கி, மேலே தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை மிதியுங்கள்.
5. உடம்பைப் பின்னால் சாய்த்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடியும் தோண்டுங்கள்.

மேற்குப் பக்கத்துக் கயிறுகளுக்கு மட்டுமாவது இதைச் செய்யுங்கள். தூங்கப் போகுமுன் எல்லாக் கயிற்றையும் ஒரு சுற்று இறுக்குங்கள், நைலான் ஈரம் பட்டால் தளரும்.

கூடாரத்துக்கு அடியில் போடும் தரைவிரிப்பின் ஓரங்கள் வெளியே தெரியக் கூடாது, உள்ளே மடித்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே வழியும் மழையெல்லாம் அதில் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே தேங்கும்.

கூடாரம் வாங்கப் போகிறவர்களுக்கு: எறிந்தால் தானாக விரியும் வகை பகல் நேரப் பிக்னிக்குக்குச் சரி, ராத்தங்கலுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே வலை, மேலே தனி விரிப்பு என்று இரண்டடுக்கு உள்ளதாக எடுங்கள். ஒற்றை அடுக்கில் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு விடியற்காலை உங்கள் மூச்சே உங்கள்மேல் சொட்டும்.

சாப்பாடு

கூடாரத்துக்குள் உணவு வைக்கவே கூடாது, பிஸ்கட் பாக்கெட்கூட. காட்டுப்பன்றிக்கு ஜிப் திறக்கத் தெரியாது, துணியைக் கிழிக்கத் தெரியும். குரங்குகளைக் கேட்கவே வேண்டாம், பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துவிடும். இறுக மூடும் டப்பாவில் போட்டுத் தள்ளி வையுங்கள். பாவமென்று எதையும் போடாதீர்கள், விலங்குகளுக்கு உணவளிப்பது இங்கே சட்டப்படி குற்றம். குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள், தீவில் குழாய்த் தண்ணீர் வசதி கிடையாது.

பின்சேர்க்கை

பதிவைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள். ஒன்று, இடி இடித்தால் கூடாரத்துக்குள் இருக்கலாமா? கூடாது. துணிக்கூடாரம் மின்னலைத் தடுக்காது. இடி கேட்டதும் சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குப் போய்விடுங்கள், ஜெலுத்தோங்கைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு, மறுநாள் மணல் பையை எப்படி எடுப்பது? கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள், கயிறுதான் அறுந்துபோகும். தோண்டித்தான் எடுக்க வேண்டும். மணலைக் கொட்டிக் குழியை மூடிவிட்டு, பையை மறக்காமல் மூட்டையில் போடுங்கள்.