நாடுகடத்தலும் பழியும்: மிகுபுனைவு நாவல் எழுத ஒரு கையேடு

நாடுகடத்தப்பட்டவர் திரும்பி வந்து பழி தீர்க்கும் கதையை மிகுபுனைவாக (ஃபேண்டஸியாக) எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்தோ மந்திர முறையிலிருந்தோ தொடங்குகிறார்கள். இரண்டும் பிறகு வரலாம். முதலில் எழுத வேண்டியது தண்டனை ஆணை. அவையில் வாசிக்கப்படும் அந்த ஆணையை, வாசிக்கப்படும் சொற்களிலேயே, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி முடியுங்கள். எங்கே கால் வைக்கக்கூடாது, எத்தனை காலம், உதவுபவருக்கு என்ன தண்டனை, சொத்து யாருக்குப் போகிறது, மீறினால் என்ன ஆகும், ஆணையை யார் நீக்கலாம் என்ற ஆறு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், நாடுகடத்தப்பட்ட நாயகி ஏன் அடுத்த மாதமே ஊருக்குள் நுழைந்து எதிரியைக் குத்தவில்லை என்று வாசகர் கேட்கும்போது எழுதியவரிடம் விடை இருக்காது.

உண்மை வரலாற்றில் இந்த ஆணைகள் ஒன்றுபோல் இருந்ததில்லை. பழைய ஏதென்ஸில் மக்கள் ஓட்டாஞ்சில்லுகளில் பெயரைக் கீறி ஒருவரை விலக்கினால், அவர் 10 ஆண்டுகள் வெளியே இருக்க வேண்டும். ஆனால் சொத்து அவருடையதாகவே இருக்கும், காலம் முடிந்தால் வரலாம். ரோமானியச் சட்டத்தில் ‘நீரும் நெருப்பும் மறுத்தல்’ என்றொரு தண்டனை இருந்தது; விலக்கப்பட்டவருக்கு யாரும் நீரோ நெருப்போ தரக்கூடாது. ஐஸ்லாந்தின் பழைய சட்டத்தில் சிறுவிலக்கு 3 ஆண்டுகள். முழுவிலக்கு பெற்றவரைக் கொன்றால் அது குற்றமே இல்லை. மகாபாரதத்தில் 12 ஆண்டு வனவாசமும் 1 ஆண்டு அஞ்ஞாதவாசமும்; அந்தக் கடைசி ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. எழுதப் போகிறவர்கள் அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். அர்ச்சுனன் விராட நாட்டுப் போரில் வெளிப்பட்டதும் கெடு முடிந்ததா இல்லையா என்று கௌரவர் பக்கம் வாதம் எழுகிறது. பீஷ்மர், நாட்காட்டியைச் சரிக்கட்டச் சேர்க்கும் ‘அதிக மாதம்’ ஐந்து ஆண்டுக்கு இரண்டு வருவதைக் கூட்டி, பதின்மூன்று ஆண்டுக்கு மேலும் ஐந்து மாதமும் பன்னிரண்டு இரவும் ஆகிவிட்டன என்று கணக்குச் சொல்கிறார். நாட்காட்டியே கதையின் முடிச்சாகிவிடுகிறது. ஆணையில் ஒரு நிபந்தனை துல்லியமாக இருந்தால் சண்டை தானாகப் பிறக்கும்.

ஒரு மாதிரி ஆணை. காரளம் என்ற கற்பனைத் துறைமுகம். கலங்களுக்கு வழிகாட்டும் பெருஞ்சுடரைக் காப்பவள் தழலி. சுடர் ஓரிரவு அணைந்து கப்பல்கள் பாறையில் மோதுகின்றன. பழி அவள் மேல் விழுகிறது.

“சுடர்க்காவலாக இருந்த தழலி இன்று முதல் கடலோசை தன் காதில் விழும் எந்த நிலத்திலும் கால் வைக்கலாகாது. பெருஞ்சுடருக்குப் பன்னிரண்டு முறை திரி மாற்றும் வரை இது நிற்கும். அவளுக்கு நெருப்புக் கொடுப்பவரின் கை வெட்டப்படும். அவள் வீடும் படகும் அவள் தம்பியைச் சேரும். எல்லை மீறியவளைக் கண்டவர் கொல்லலாம். கொன்றவர் மேல் வழக்கில்லை. துறையவையின் ஏழு பேரும் ஒருசேரக் கையெழுத்திட்டாலன்றி இவ்வாணை மாறாது.”

இந்தச் சில வரிகளுக்குள் ஒரு நாவலின் பாதி இருக்கிறது. கெடு ஆண்டுக்கணக்கில் இல்லை, திரிக்கணக்கில் இருக்கிறது. திரி மாற்றும் வேலையோ எதிரிகளின் கையில் இருக்கிறது. அவர்கள் மாற்றாமல் தள்ளிப்போட்டால் தண்டனை முடியவே முடியாது. ஏழு கையெழுத்து வேண்டும் என்றால், ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தால் போதும். நெருப்பையே காத்தவளுக்கு நெருப்பு மறுக்கப்படுகிறது என்பதால் அவளுடைய முதல் குளிர்கால இரவு எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தனியாக மெனக்கெட வேண்டாம். வீடு தம்பிக்குப் போவதால், அவன் வாய் திறக்காமல் நின்றதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

ஆணையில் ஓர் ஓட்டை வையுங்கள். ஒன்றே ஒன்று. அதை மந்திரத்தின் விலையோடு சேர்த்துக் கட்டுங்கள். தழலியின் உலகில் மந்திரம் செய்பவர் ஒரு புலனை விலையாகத் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவள் செவியைத் தருகிறாள். அதன்பின் கடலோசை அவள் காதில் விழும் நிலம் என்று உலகில் எதுவுமே இல்லை. ஆணை ஓர் எழுத்தும் மாறாமல் அவளைத் தடுக்க முடியாததாகிவிடுகிறது. ஆனால் தம்பி மன்னிப்புக் கேட்டால் அவளுக்குக் கேட்காது. திரும்பும் வழியைத் திறந்த அதே விலை, திரும்பியபின் அவளுக்கு மிகவும் தேவைப்படும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மந்திர முறையை இப்படிக் கதையின் எலும்போடு பொருத்தாமல் தனியாக ஐம்பது பக்கம் குறிப்பெழுதி வைப்பதில் பயன் இல்லை.

ஓட்டை வாசகருக்கு மோசடியாகத் தெரியக்கூடாது. ஆணையின் முழு வாசகம் நாவலின் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் ஒருமுறை வரட்டும். நடுவில் வேறொருவர் வாயால், வேறு காரணத்துக்காக, அந்த வரி மட்டும் இன்னொரு முறை வரட்டும். மூன்றாவது முறை அது திறவுகோலாகும். இரண்டாவது முறையை விட்டுவிட்டால் வாசகர் முதல் முறையை மறந்திருப்பார். நான்காக ஆக்கினால் முன்னமே கண்டுபிடித்துவிடுவார்.

மந்திரத்தில் இன்னும் ஒன்றைத் தடுத்தே ஆக வேண்டும். ஆளைத் தேடிக் காட்டும் மந்திரமும், நொடியில் இடம்பெயர்க்கும் மந்திரமும் இந்த வகை நாவலைக் கொன்றுவிடும். தேடும் மந்திரம் இருந்தால் ஒளிந்து வாழ்வது இல்லை; தாவும் மந்திரம் இருந்தால் தூரம் இல்லை. அவை கட்டாயம் வேண்டுமென்றால் கடுமையான வரம்பு வையுங்கள். தேடப்படுபவர் பயன்படுத்திய பொருள் வேண்டும், அதுவும் ஒருமுறைதான் பலிக்கும் என்றால், அந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்பது கதையாகிறது.

தூரத்தை நாள் கணக்கில் எழுதுங்கள். சுமையோடு நல்ல பாதையில் நடப்பவர் ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் போகலாம். மலையில் அதில் பாதி. வண்டிகளோடு நகரும் படை 15, 20 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. குதிரையை மாற்றி மாற்றி ஓட்டும் தூதன் 100 கிலோமீட்டருக்கு மேலும் போவான். ஆக, 600 கிலோமீட்டரில் இருக்கும் நாயகி ஊர் சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அவள் வருகிறாள் என்ற செய்தி ஆறாம் நாளே சேர்ந்துவிடும். இந்த இரண்டு வார இடைவெளியில் எதிரி என்ன செய்கிறான்? பல கைப்பிரதிகள் இங்கேதான் சறுக்குகின்றன: அவன் எதுவும் செய்வதில்லை. பாலைவனத்தைக் கடக்க வைத்தால் நீரையும் எடைபோடுங்கள். நாளுக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும் ஐந்து நாளுக்கு 20 கிலோ. வெயிலில் நடந்தால் அதுவும் பற்றாது. அந்தச் சுமையோடு ஒருவர் வாள், கவசம், மூன்று புத்தகங்கள் எல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது. எதை விட்டுவிட்டுப் போகிறாள் என்பது ஒரு நல்ல காட்சி.

அடுத்தது பகைவர் பட்டியல். நான்கிலிருந்து ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் கொலைகள் ஒன்றுபோல் ஆகி, மூன்றாவதற்குப் பிறகு வாசகர் பக்கங்களைத் தள்ளத் தொடங்குவார். ஒவ்வொருவரின் குற்றமும் வேறு வகையாக இருக்கட்டும். சுடரை அணைக்கப் பணம் கொடுத்த வணிகன், பொய்ச்சாட்சி சொன்ன படகோட்டி, உண்மை தெரிந்தும் தீர்ப்பு எழுதிய அவைத்தலைவி, பேசாமல் நின்ற தம்பி. செய்தவன், சொன்னவன், ஒப்பியவள், மௌனமாக இருந்தவன்: நான்கு பேருக்கும் ஒரே பழி பொருந்தாது, பொருந்தக்கூடாது. படகோட்டி உயிரோடு வேண்டும், அவன் வாயால் உண்மை வெளிவர வேண்டும். வணிகனுக்குச் சாவைவிடப் பொருள் இழப்பு பெரியது. தம்பிக்கு என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாமல் இருப்பதுதான் கடைசி நூறு பக்கத்தை இழுத்துச் செல்லும்.

ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு பகைவருக்கும் எதிரே நான்கு கட்டங்கள் இடுங்கள்: உண்மையில் செய்தது, நாயகிக்குத் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது, பகைவருக்கு அவளைப் பற்றித் தெரிந்தது. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் எந்தக் கட்டம் மாறியது என்று குறியுங்கள். தொடர்ந்து மூன்று அத்தியாயங்களில் எதுவும் மாறவில்லை என்றால் அவற்றில் ஒன்றையாவது வெட்ட வேண்டும். வாசகருக்கும் நாயகிக்கும் எப்போதும் ஒரே அளவு தெரிந்திருந்தால் பதைப்பு இருக்காது; தம்பி அவளைக் காப்பாற்ற ஒருமுறை முயன்றதை வாசகர் அறிந்து, அவள் அறியாமல் இருக்கும்போது அவள் கத்தியைத் தீட்டும் காட்சி வேறு கனம் பெறும்.

அந்தப் பகைவர்கள் இத்தனை காலமும் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதும் மறந்துபோகும் விஷயம். வணிகன் அந்தப் பணத்தில் என்ன செய்தான்? துறைமுகத்தை விரிவாக்கி, ஆயிரம் குடும்பங்கள் இப்போது அவனை நம்பிப் பிழைத்தால், அவனை வீழ்த்துவதற்கு யாரோ விலை தருகிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பெயரும் முகமும் கொடுங்கள். அவளோடு பேச வையுங்கள்.

வஞ்சினத்தை, அதாவது சபதத்தை, எப்படிச் சொல்ல வைப்பது? “பழி வாங்குவேன்” என்று வானத்தைப் பார்த்துக் கத்துவது எடுபடாது. புறநானூறு இதற்கு நல்ல வடிவம் தருகிறது. 72ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியன் என்று சொல்லிக் கண்ணீர் விடட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். எதிரிக்கு என்ன செய்வேன் என்பதைவிட, செய்யத் தவறினால் தனக்கு என்ன இழிவு வர வேண்டும் என்பதில்தான் அவன் யார் என்று தெரிகிறது. உங்கள் நாயகியின் வஞ்சினத்தையும் அப்படி அமையுங்கள். அவள் எதைப் பணயம் வைக்கிறாளோ அதுவே அவள் மிகவும் மதிப்பது. கடைசியில் அந்தப் பணயத்தை அவள் தொட வேண்டிவரும்.

தமிழில் எழுதுபவருக்கு இருக்கும் பெரிய கருவி, விளிக்கும் முறை. ஆணை வாசிக்கப்படும் முன் காவலன் “தாங்கள் இங்கே நிற்கலாம்” என்றவன், வாசித்து முடித்ததும் “நகரு” என்கிறான். வேறு விளக்கம் தேவையில்லை. தாங்கள், நீங்கள், நீர், நீ என்ற படிகளில் யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று பாத்திரக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். எங்கே மாறுகிறதோ அங்கே காரணம் இருக்கட்டும். எண்ணாமல் மாறிப்போவதுதான் கைப்பிரதிகளில் மிக அதிகமாகக் காணும் பிழை: ஒரே உரையாடலில் “நீர் வந்தீர்கள்” என்று வரும்.

கற்பனைப் பெயர்களையும் வேற்றுமை உருபோடு சொல்லிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். தழலியை, தழலிக்கு, தழலியிடம், தழலியால் என்று தடங்கலில்லாமல் வருகிறது. ‘விஷ்க்ர்’ என்று ஒருவனுக்குப் பெயர் வைத்தால் ‘விஷ்க்ரிடம்’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் நாக்கு இடறும். முக்கியப் பாத்திரங்கள் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டாம்.

அளவு பற்றிச் சுருக்கமாக: ஒரு லட்சம் சொற்கள் திட்டமிட்டால் 2,500 சொற்களில் 40 அத்தியாயங்கள். வீழ்ச்சிக்கு 8, வெளியே வாழும் காலத்துக்கு 14, திரும்பி வந்தபின் 18 என்று பிரிப்பது பெரும்பாலும் சரிவரும். நடுப்பகுதி வெறும் பயிற்சிக் காலமாக ஆகிவிடக் கூடாது. குருவிடம் வாள் கற்றாள், மந்திரம் கற்றாள் என்று பத்து அத்தியாயம் போனால் கதை நின்றுவிடும். வெளியே இருக்கும்போது அவளுக்கு இழக்கத் தக்க ஒன்று புதிதாகக் கிடைக்க வேண்டும்: ஒரு மனிதர், ஒரு தொழில், ஒரு ஊர். அப்போதுதான் திரும்பிப் போவது ஒரு முடிவாகும். இல்லாவிட்டால் போகாமல் என்ன செய்வாள்?

கடைசிப் பகைவர் விபத்தில் சாகக்கூடாது. பாறையிலிருந்து தவறி விழுவது, தன் மந்திரமே தன்னை எரிப்பது போன்றவை நாயகியின் கையைச் சுத்தமாக வைத்திருக்கும் குறுக்குவழி. வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். கொல்வதோ விடுவதோ அவள் செய்யட்டும். அதன்பின் இரண்டு அத்தியாயங்களாவது ஒதுக்குங்கள். மறுநாள் சுடரை யார் ஏற்றுவது, காலியான நாற்காலிகளில் யார் உட்காருவது, செவி போனவள் எங்கே தங்குவது என்பதற்கெல்லாம் அங்கே இடம் வேண்டும்.

திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முயல வேண்டாம். முதல் சுற்றில் நாட்களையும் தூரங்களையும் வயதையும் மட்டும் பாருங்கள். பல ஆண்டு கழித்து வருபவளைப் பார்த்த உடனே ஊரே அடையாளம் காணக்கூடாது, நாணயமும் தெருப்பெயரும் கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் விளிச்சொற்கள். மூன்றாவதில் மந்திரம் செய்யப்படும் ஒவ்வொரு இடத்திலும் விலை கொடுக்கப்பட்டதா என்று சரிபாருங்கள். குறிப்பாக, செவியைத் தந்த அத்தியாயத்துக்குப் பிறகு “கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்” என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கும். ‘கேட்’, ‘ஒலி’, ‘சத்தம்’, ‘குரல்’ என்று கணினியில் தேடி ஒவ்வொன்றையும் பார்த்துவிடுங்கள்.